நோக்கியா 7650: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோக்கியா நிறுவனம் கேமராவை உள்ளேயே பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் கைபேசி 7650 ஆகும். அலமாரியைச் சுத்தம் செய்யும்போது பழைய செட்டைக் கண்டெடுத்தவர்களும், பழைய கைபேசிகளைச் சேகரிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். என்னிடம் உள்ள செட் 2003ஆம் ஆண்டில் என் சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்தது. இன்றும் இயங்குகிறது, பேட்டரி மட்டும் இது மூன்றாவது.

7650 எப்போது வெளிவந்தது?

2001ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் தேதி ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் இது அறிவிக்கப்பட்டது. கடைகளுக்கு வந்தது 2002ஆம் ஆண்டின் நடுப்பகுதியில்தான். அந்த இடைவெளிக்குள், ஐரோப்பாவின் தொலைபேசி நிறுவனங்கள் எம்எம்எஸ் எனப்படும் படச்செய்திச் சேவையைத் தொடங்கத் தயாராகிக்கொண்டிருந்தன. அந்தச் சேவைக்கு முகமாக விளம்பரங்களில் நின்றது இந்தச் செட்தான். கேமராவுக்காகச் சேவை வந்ததா, சேவைக்காகக் கேமரா வந்ததா என்று கேட்டால், இரண்டாவதுதான் உண்மைக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. ஏன் என்பதைக் கீழே நினைவகம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

உலகின் முதல் கேமரா போன் இதுதானா?

இல்லை. ஐரோப்பாவில் பரவலாக விற்பனையான, கேமரா உள்ளமைந்த முதல் கைபேசி என்று சொன்னால் பொருந்தும். இதற்கு முன்பே கிழக்காசியாவில் குறைந்தது மூன்று செட்டுகள் வந்துவிட்டன.

1999ஆம் ஆண்டு மே மாதம் ஜப்பானில் கியோசெரா நிறுவனத்தின் விபி-210 வெளியானது. அதன் 1,10,000 பிக்சல் கேமரா முன்பக்கத்தில், பேசுபவரின் முகத்தைப் பார்த்தபடி இருந்தது. நொடிக்கு இரண்டு படங்கள் வீதம் அனுப்பி, ஒருவகையான காணொளி அழைப்பை நடத்தலாம். 2000ஆம் ஆண்டில் கொரியாவில் சாம்சங் எஸ்சிஹெச்-வி200 வந்தது. 3,50,000 பிக்சல் கொண்டு இருபது படங்கள் எடுக்கும் என்றாலும், எடுத்த படத்தைப் போன் வழியே அனுப்ப இயலாது. கணினியில் இணைத்துத்தான் இறக்க வேண்டும். ஒரே கூட்டுக்குள் ஒரு போனும் ஒரு கேமராவும் ஒட்டுக்குடித்தனம் நடத்தின என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் ஜப்பானின் ஜே-போன் நிறுவனம் ஷார்ப் தயாரித்த ஜே-எஸ்ஹெச்04ஐ விற்றது. 1,10,000 பிக்சல், 256 வண்ணத் திரை, பின்புறத்தில் லென்ஸ், தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ள வசதியாக லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கண்ணாடி. எடுத்த படத்தை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பலாம். இதைத்தான் பலர் முதல் கேமரா போன் என்று குறிப்பிடுகிறார்கள். நானும் அந்தப் பக்கமே.

இன்னும் பின்னே போனால், 1997ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் தேதி அமெரிக்காவின் சாந்தா குரூஸ் நகர மருத்துவமனையில், மனைவியின் பிரசவத்துக்காகக் காத்திருந்த பிலிப் கான் ஒரு கேசியோ டிஜிட்டல் கேமராவையும், மடிக்கணினியையும், மோட்டரோலா ஸ்டார்டாக் கைபேசியையும் இணைத்து, பிறந்த மகளின் படத்தை உடனடியாகப் பலருக்கு அனுப்பினார். அது விற்பனைப் பொருள் அல்ல. ஆனால் கேமரா போன் எதற்கு என்ற கேள்விக்கு அந்த ஒரு படமே பதில் சொல்லிவிட்டது.

அளவு, எடை, திரை போன்ற அடிப்படை விவரங்கள் எவை?

114 மில்லிமீட்டர் நீளம், 56 மில்லிமீட்டர் அகலம், 26 மில்லிமீட்டர் தடிமன். எடை 154 கிராம். இன்றைய பெரிய கைபேசிகள் இதைவிடக் கனமானவை, ஆனால் அவை தட்டையானவை. இது சோப்புக்கட்டியைப் போலக் குண்டாக இருப்பதால், சட்டைப்பையில் போட்டால் பை ஒரு பக்கமாகத் தொங்கும்.

திரை 2.1 அங்குலம், 176 × 208 பிக்சல், 4,096 வண்ணங்கள். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 16 நிலைகள் என்பதால் 16 × 16 × 16 என்று அந்த எண் வருகிறது. வானத்தைப் படம் எடுத்துத் திரையில் பார்த்தால் நீலம் படிப்படியாக மங்காமல் பட்டை பட்டையாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். அது திரையின் குறை, படத்தின் குறை அல்ல. அதே படத்தைக் கணினியில் திறந்தால் பட்டைகள் மறைந்துவிடும்.

104 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் ஏஆர்எம்9 வகைச் செயலி, 4 மெகாபைட் ராம், பயனரின் கோப்புகளுக்குத் தனியே 4 மெகாபைட் ஃப்ளாஷ் நினைவகம் ஆகியவை உள்ளே இருக்கின்றன. புளூடூத், இன்ஃப்ராரெட் இரண்டும் உண்டு. யூஎஸ்பி கிடையாது. அலைவரிசை ஜிஎஸ்எம் 900, 1800 மட்டும்.

எண் விசைகள் மூடிய நிலையில் கண்ணுக்குத் தெரியாது. மேல்பகுதியைக் கட்டைவிரலால் மேலே தள்ளினால், ‘டக்’ என்ற ஓசையோடு நகர்ந்து விசைப்பலகை வெளிப்படும். திரைக்குக் கீழே நான்கு திசையிலும் நகர்த்தவும் நடுவில் அழுத்தவும் கூடிய சிறு ஜாய்ஸ்டிக் ஒன்று இருக்கிறது. பட்டியல்களில் நகர்வதும் படம் எடுப்பதும் அதனால்தான்.

கேமராவின் திறன் என்ன?

விஜிஏ, அதாவது 640 × 480 பிக்சல். பெருக்கினால் 3,07,200, இன்றைய கணக்கில் 0.3 மெகாபிக்சல். குவியம் மாறாத லென்ஸ்; ஃப்ளாஷ் விளக்கு இல்லை; முன்புறக் கேமரா இல்லை. லென்ஸ் பின்புறத்தில் இருக்கிறது. மூடிய நிலையில் அது மறைந்து, மேல்பகுதியைத் தள்ளித் திறந்தால்தான் வெளியே வரும். லென்ஸில் கீறல் விழாமல் காக்க இது எளிய, நல்ல ஏற்பாடு. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் என் செட்டின் லென்ஸில் ஒரு கோடுகூட இல்லை. திரையின் மேல்தான் கோலம் போட்டது போல் கீறல்கள்.

மூன்று படமுறைகள் உண்டு. வழக்கமான முறையும் இரவு முறையும் 640 × 480 அளவில் எடுக்கும். உருவப்பட முறை 80 × 96 பிக்சலில் மட்டும் எடுக்கும். 7,680 புள்ளிகள் கொண்ட அந்தப் பொட்டுப் படம் எதற்கு என்று பலர் வியக்கிறார்கள். தொடர்பு முகவரிகளில் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்காக அது. அழைப்பு வரும்போது அந்த முகம் திரையில் தோன்றும். இன்று நாம் ஏறெடுத்தும் பார்க்காத இந்த வசதியைத்தான் அன்று எல்லோரும் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். ‘என் படத்தையும் ஏத்து’ என்று வரிசையில் நின்ற உறவினர்கள் என் செட்டில் இன்னும் அந்த வயதிலேயே இருக்கிறார்கள்.

இரவு முறையில் சென்சார் அதிக நேரம் ஒளியை வாங்கும். ஆகவே கை சிறிது அசைந்தாலும் படம் கலங்கிவிடும். செட்டை ஒரு சுவரின் மேலோ மேசையின் மேலோ சாய்த்து வைத்து எடுப்பது நல்லது.

அந்தப் படங்கள் உண்மையில் எப்படி இருக்கும்?

எண்களைவிட ஒரு படத்தைக் காட்டிச் சொல்வது எளிது. 2003ஆம் ஆண்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த அப்பத்தாவை முற்பகல் வெயிலில் எடுத்தேன். வெள்ளைப் புடவையில் வெயில் பட்ட இடமெல்லாம் மடிப்பு, கரை எதுவும் தெரியாமல் ஒரே வெள்ளையாக வெளுத்துவிட்டது. பின்னாலிருந்த கதவின் நிழல் கறுப்பாக இல்லை. நீலமும் சிவப்புமாகப் பொடி தூவியது போல் புள்ளிகள் நிறைந்திருக்கிறது. முகம் நன்றாக இருக்கிறது. ஆனால் கையிலிருந்த மொச்சைகளைத் தனித்தனியாக எண்ண முடியாது. பச்சை நிறம் தீற்றியது போலத்தான் தெரியும்.

இந்த மூன்றும் அக்காலச் சென்சார்களின் பொதுவான குணங்கள். மிகுந்த ஒளியையும் நிழலையும் ஒரே நேரத்தில் தாங்கும் ஆற்றல் அந்தச் சிறிய சென்சாருக்கு இல்லாததால் வெளிச்சம் வெளுத்துப்போகிறது; ஒளி குறைந்த இடத்தில் மின்குறிப்பைப் பெருக்கும்போது இரைச்சலும் சேர்ந்து பெருகி வண்ணப் புள்ளிகளாகிறது; மூன்று லட்சம் புள்ளிகளுக்குள் ஒரு திண்ணையையே அடக்கும்போது ஒரு மொச்சைக்கு இரண்டு மூன்று புள்ளிகள் கிடைத்தாலே அதிகம். மேகமூட்டமான பகலில், ஆளிடமிருந்து ஐந்தாறு அடி தள்ளி நின்று எடுத்தால் இந்தக் கேமரா தன்னால் இயன்ற சிறந்த படத்தைத் தரும். புத்தகப் பக்கத்தையோ பில்லையோ அருகில் வைத்து எடுக்க முயல வேண்டாம். குவியம் மாறாத லென்ஸ் என்பதால் எழுத்து படிக்க வராது.

படத்தை அச்சிட முடியுமா?

முடியும், அளவோடு ஆசைப்பட்டால். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் 640 × 480 படம் ஏறத்தாழ 54 × 41 மில்லிமீட்டர் அளவில் அச்சாகும். ஸ்டூடியோக்களில் வழக்கமான 6 × 4 அங்குலத் தாளில் போட்டால் அங்குலத்துக்கு 107 புள்ளிகளே கிடைக்கும். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் பரவாயில்லை, கிட்டே கொண்டுவந்தால் படிக்கட்டு போன்ற விளிம்புகள் தெரியும்.

எத்தனை படங்கள் சேமிக்கலாம்? மெமரி கார்டு போடலாமா?

மெமரி கார்டு போட இடமே இல்லை. என்னைக் கேட்டால் இந்தச் செட்டின் மிகப் பெரிய குறை இதுதான், கேமரா அல்ல.

கணக்கைப் பார்ப்போம். சுருக்காமல் வைத்தால் ஒரு விஜிஏ படம் 640 × 480 × 3 = 9,21,600 பைட் பிடிக்கும். அப்படி நான்கு படங்கள் எடுத்தாலே 4 மெகாபைட் நிரம்பிவிடும். ஆகவே படங்கள் ஜேபெக் முறையில் சுருக்கிச் சேமிக்கப்படுகின்றன. சுருக்கிய படம் சராசரியாக 50 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், பயனருக்குக் கிடைக்கும் ஏறத்தாழ 3.6 மெகாபைட் இடத்தில் எழுபது படங்கள் வரை அடங்கும். ஆனால் அந்த இடம் படங்களுக்கு மட்டும் உரியது அல்ல. குறுஞ்செய்திகள், முகவரிகள், நாட்காட்டி, மின்னஞ்சல், நிறுவிய விளையாட்டுகள் எல்லாம் அதே 3.6 மெகாபைட்டில்தான் குடியிருக்க வேண்டும். இரண்டு விளையாட்டுகளை ஏற்றிய கையோடு ஒரு கல்யாணத்துக்குப் போனால், தாலி கட்டும் நேரத்தில் ‘நினைவகம் போதவில்லை’ என்று செட் கையை விரிக்கும். எனக்கு அப்படி நடந்தது. மணமேடைக்கு முன் நின்றுகொண்டே பாம்பு விளையாட்டு ஒன்றை அழித்தேன்.

கேமராவை வைத்தவர்கள் கார்டுக்கு இடம் விடாதது மறதியால் என்று நான் நினைக்கவில்லை. படம் சேர்த்து வைப்பதற்கு அல்ல, எடுத்தவுடன் அனுப்பிவிட்டு அழிப்பதற்கு என்ற எண்ணத்தில்தான் இந்தச் செட் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அனுப்பும் ஒவ்வொரு படத்துக்கும் தொலைபேசி நிறுவனம் காசு வாங்கும். மக்களோ படங்களைச் சேர்த்து வைக்கவே விரும்பினார்கள். அடுத்து வந்த 3650இல் கார்டு வசதி இடம்பெற்றது.

வீடியோ எடுக்குமா?

பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் எடுக்காது. பின்னாளில் வெளியார் எழுதிய செயலிகளை நிறுவி, சில நொடி நீளமுள்ள சிறிய அளவுக் காணொளிகளை எடுக்க முடிந்தது. எம்பி3 பாடல் இயக்கியும் எஃப்எம் ரேடியோவும் இல்லை.

படங்களை எப்படி அனுப்பினார்கள்?

நான்கு வழிகள் இருந்தன: எம்எம்எஸ், மின்னஞ்சல், புளூடூத், இன்ஃப்ராரெட்.

எம்எம்எஸ், ஜிபிஆர்எஸ் எனப்படும் அக்கால மெதுவான இணைய இணைப்பின் மேல் செல்லும். இறக்கும் வேகமே நொடிக்கு 40 கிலோபிட் அளவுதான். ஏற்றும் வேகம் அதனினும் குறைவு. 50 கிலோபைட் படம் போய்ச்சேர அரை நிமிடம் ஆவது சாதாரணம். பெறுபவரிடமும் எம்எம்எஸ் வசதியுள்ள செட் இருக்க வேண்டும் என்பதுதான் பெரிய சிக்கல். இல்லாதவருக்கு, இந்த இணைய முகவரிக்குச் சென்று படத்தைப் பார்க்கவும் என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் போகும். 2002இல் கணினி உள்ள வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது புரியும். ஜப்பானில் ஜே-போன் நிறுவனத்தின் படமஞ்சல் வேகமாகப் பரவியதற்கும், மற்ற இடங்களில் எம்எம்எஸ் தடுமாறியதற்கும் இந்த வேறுபாடு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்: அங்கே ஒரே நிறுவனம் செட்டையும் சேவையையும் சேர்த்து வடிவமைத்தது.

நடைமுறையில் வென்றது புளூடூத். காசு இல்லை, சில நொடிகளில் முடிந்துவிடும், பத்து மீட்டருக்குள் இருந்தால் போதும். இன்ஃப்ராரெட்டில் இரண்டு செட்டுகளையும் நேருக்கு நேர் வைத்து, படம் போய்ச்சேரும் வரை யாரும் குறுக்கே கையை நீட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீரிஸ் 60, சிம்பியன் என்கிறார்களே, அவை என்ன?

சிம்பியன் என்பது இயங்குதளம். 7650இல் இருப்பது அதன் 6.1 பதிப்பு. அதன் மேல் நோக்கியா அமைத்த திரை, பட்டியல், விசை ஏற்பாடுகளின் தொகுதிதான் சீரிஸ் 60. அந்தத் தொகுதியோடு வந்த முதல் செட்டும் இதுவே. பின்னாளில் இந்தியாவில் பலரும் ஆசைப்பட்டு வாங்கிய 6600 முதல் ‘N’ என்ற எழுத்தில் தொடங்கும் வரிசைக் கைபேசிகள் வரை எல்லாம் இதன் வாரிசுகள்.

பயனருக்கு இதனால் கிடைத்த நன்மை, ஒரே நேரத்தில் பல செயலிகளைத் திறந்து வைத்திருக்கும் வசதி. மெனு விசையை அழுத்திப் பிடித்தால் இயங்கிக்கொண்டிருக்கும் செயலிகளின் பட்டியல் வரும். படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது குறுஞ்செய்தி வந்தால் அதைப் படித்துவிட்டு மீண்டும் கேமராவுக்குத் திரும்பலாம். எடுத்த படத்தை அங்கிருந்தே ஒருவரின் முகவரியில் ஒட்டலாம், செய்தியில் இணைக்கலாம், புளூடூத்தில் தள்ளலாம். கேமராவை ஓர் ஒட்டுறுப்பாக வைக்காமல், செட்டின் எல்லாப் பகுதிகளோடும் பேசும்படி வைத்ததே 7650இன் உண்மையான சாதனை. அதே 2002இல் சோனி எரிக்சன் டி68ஐ (T68i) செட்டுக்கு அடியில் செருகிக்கொள்ளும் தனிக் கேமரா ஒன்று விற்கப்பட்டது. இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தவர்களுக்கு வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

‘.சிஸ்’ வகைக் கோப்புகளாக வரும் செயலிகளையும், ஜாவா விளையாட்டுகளையும் நிறுவிக்கொள்ளலாம்.

இதற்கு வைரஸ் வருமா?

வந்தது. 2004ஆம் ஆண்டு ஜூன் மாதம் கண்டறியப்பட்ட ‘கபீர்’ என்னும் புழு, சீரிஸ் 60 கைபேசிகளுக்கிடையே புளூடூத் வழியே பரவியது. ஆனால் அது தானாக நுழைந்துவிடாது. வந்த கோப்பை ஏற்று, நிறுவவும் சம்மதித்தால்தான் ஒட்டிக்கொள்ளும். பெரிய தீங்கு எதையும் செய்யாமல், அக்கம்பக்கத்தில் வேறு செட் இருக்கிறதா என்று ஓயாமல் தேடி பேட்டரியைக் காலி செய்யும். பழைய செட்டை இன்று பயன்படுத்துபவர்கள், தேவையில்லாதபோது புளூடூத்தை அணைத்து வைத்தால் போதும்.

தமிழில் எழுதவும் படிக்கவும் முடியுமா?

முடியாது. இதில் தமிழ் எழுத்துரு இல்லை. தமிழில் வரும் குறுஞ்செய்திகள் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ‘எப்ப வர்றீங்க’ என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டும் வழக்கம் இதுபோன்ற செட்டுகளில்தான் நமக்குப் பழகியது.

இன்றும் இதில் பேச முடியுமா?

உங்கள் ஊரில் 2ஜி, அதாவது இந்தச் செட் பயன்படுத்தும் ஜிஎஸ்எம் சேவை இருந்தால் முடியும். இந்தியாவில் ஏர்டெல், வோடபோன் ஐடியா, பிஎஸ்என்எல் போன்ற 2ஜி வைத்திருக்கும் நிறுவனங்களின் சிம் வேலை செய்யும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது என்பதால் அதன் சிம் வேலை செய்யாது. சிங்கப்பூரில் 2017ஆம் ஆண்டு ஏப்ரலிலும், ஆஸ்திரேலியாவில் 2018ஆம் ஆண்டுக்குள்ளும் 2ஜி நிறுத்தப்பட்டுவிட்டது. அங்கே இதை நாட்காட்டியாகவும் கேமராவாகவும் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கா, கனடாவின் ஜிஎஸ்எம் அலைவரிசைகள் 850, 1900 என்பதால் அங்கே இது தொடக்கத்திலிருந்தே பயன்படவில்லை.

சிம் கார்டு பேட்டரிக்கு அடியில் செருகப்படுகிறது. இன்றைய நானோ சிம்மை 25 × 15 மில்லிமீட்டர் அளவுச் சட்டத்தில் பொருத்திப் போட வேண்டும். அந்தச் சட்டத்திலிருந்து சிம் நழுவித் தகட்டுப் பற்களை வளைத்துவிடாமல், பின்புறம் மெல்லிய டேப் ஒன்றை ஒட்டிக்கொள்வது நல்லது.

செட்டுக்குள் இருக்கும் பழைய படங்களை எப்படி வெளியே எடுப்பது?

எல்லாவற்றுக்கும் முன் ஓர் எச்சரிக்கை. செட் சரியாக இயங்கவில்லை என்று சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால், அவர்கள் முதலில் செய்வது சாப்ட்வேர் போடுவது. அதில் படங்கள் அத்தனையும் போய்விடும். என் நண்பர் ஒருவரின் செட்டை ஒரு கடையில், கேட்காமலேயே அப்படிச் செய்துவிட்டார்கள். அதில் அவருடைய அப்பாவின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் இருந்தன. ஆகவே முதலில் படங்களை எடுத்துவிட்டு, அப்புறம் பழுதைப் பாருங்கள்.

பேட்டரி வருடக்கணக்கில் இறந்து கிடந்தாலும் படங்கள் அழிந்திருக்காது. ஃப்ளாஷ் நினைவகத்துக்கு மின்சாரம் தேவையில்லை. செட் உயிர் பெற்றதும் புளூடூத்தை இயக்கி, ஆண்ட்ராய்டு கைபேசிக்கோ விண்டோஸ் கணினிக்கோ படங்களை அனுப்பலாம். கணினியில் ‘புளூடூத் வழியே கோப்பைப் பெறு’ என்பதை முன்கூட்டியே திறந்து வைத்திருக்க வேண்டும். இணைப்பின்போது கேட்கப்படும் எண்ணை இரு பக்கமும் ஒன்றாகத் தட்டினால் போதும். ஐபோன் இவ்வகைக் கோப்புகளை ஏற்றுக்கொள்வதில்லை. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

செட் பாதுகாப்புக் குறியீட்டைக் கேட்டு நின்றால், யாரும் மாற்றாத வரை அது 12345தான்.

பேட்டரியும் சார்ஜரும் கிடைக்குமா?

பேட்டரியின் பெயர் பிஎல்பி-2. 750 மில்லியாம்பியர் மணி. புதியதாக இருந்தபோது 150 மணி நேரம் வரை காத்திருப்பு நிலையில் இருக்கும் என்று நிறுவனம் கூறியது. இன்று கிடைப்பவை பெரும்பாலும் வேறு தயாரிப்பாளர்களின் பேட்டரிகள். அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். பழைய பேட்டரி உப்பியிருந்தால் அதைச் சார்ஜில் போடவே கூடாது.

சார்ஜர், பழைய நோக்கியா செட்டுகளுக்குரிய தடித்த முனை, அதாவது 3.5 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. பிற்காலத்தில் வந்த மெல்லிய முனைச் சார்ஜர் வீட்டில் இருந்தால், மெல்லிய முனையைத் தடித்ததாக்கும் சிறு இணைப்பான் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.

பழைய செட் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

திரையுள்ள மேல்பகுதியையும் விசைகளுள்ள கீழ்ப்பகுதியையும் இணைப்பது, கடைக்காரர்கள் ஸ்ட்ரிப் என்று சொல்லும் மெல்லிய நாடா. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அது மடங்கி நிமிர்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளிருக்கும் செம்புக் கோடுகள் அறுந்துவிடும். ஆகவே விற்பவர் செட்டைத் திறந்த நிலையில் மட்டும் காட்டினால் ஏமாறாதீர்கள். திரையைப் பார்த்தபடியே பத்து முறையாவது மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். பாதி வழியில் திரை மின்னினாலோ வெளுத்தாலோ ஸ்ட்ரிப் போகும் நிலையில் இருக்கிறது. மேல்பகுதியை இரு விரல்களால் பிடித்து இடமும் வலமும் அசைத்தால் ஆட்டம் சிறிதளவே இருக்க வேண்டும்.

அடுத்து ஜாய்ஸ்டிக். நான்கு திசைகளிலும் நகர்த்துவதோடு, நடுவில் அழுத்தியும் பாருங்கள். நடு அழுத்தம்தான் முதலில் கெடுகிறது, அது இல்லாமல் படமும் எடுக்க முடியாது. பிறகு *#06# என்று தட்டினால் வரும் ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு செட்டுக்கும் உரிய தனி அடையாள எண்), பேட்டரியை எடுத்தால் உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். வேறுபட்டால், இரண்டு செட்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

வெளிக்கூடு புதிதாகப் பளபளத்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். மாற்றுக் கூடுகள் தாராளமாகக் கிடைத்தன. அவற்றில் நகரும் பகுதி அசல் போல் இறுக்கமாக அமர்வதில்லை. கீறல் விழுந்த அசல் கூட்டோடு இருப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

7650, 3650, 6600: சேகரிப்புக்கு எதை வாங்கலாம்?

பயன்படுத்துவதற்கு என்றால் 6600. 2003இல் வந்த அதில் கார்டு உண்டு, வீடியோ உண்டு, திரையில் 65,536 வண்ணங்கள் தெரியும். நகரும் பகுதி இல்லாததால் ஸ்ட்ரிப் கவலையும் இல்லை. 3650இல் கார்டும் வீடியோவும் 1900 அலைவரிசையும் உண்டு. ஆனால் பழைய தொலைபேசியின் சுழல்வட்டம் போல எண்களை வட்டமாக அடுக்கியிருப்பதால், குறுஞ்செய்தி தட்டும்போது விரல் ஒவ்வோர் எழுத்துக்கும் வழி தேடி அலைய வேண்டும். இந்த மூன்றிலும் கேமரா விஜிஏதான்; நோக்கியா மெகாபிக்சலைத் தொட்டது 2004இல் வந்த 7610இல்.

ஒன்றே ஒன்றுதான் வாங்கப்போகிறீர்கள், அதில் பேசப்போவதில்லை என்றால் 7650ஐ வாங்குங்கள். ஸ்ட்ரிப்பை மட்டும் பார்த்து வாங்குங்கள்.